வயிற்றுத் தோலுக்கும் ஒரு வரலாறு உண்டு

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் எதுவும் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் நம் குழுவில் ஒரு பேச்சு ஓடியது. வெளியூரில் இருக்கும் ஒரு பெண், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தொங்கிப்போன வயிற்றுச் சதையை அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டு வீட்டில் படுத்திருக்கிறாளாம். மாமியார் வீட்டில் "குடலிறக்கம்" என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் பத்துப் பதினைந்து. "காசு கொழுத்துப் போச்சு" என்றார் ஒருவர். "நாலு குடம் தண்ணி தூக்கினா தொப்பை தானா கரையும்" என்றார் இன்னொருவர். நான் அங்கே பதில் போடவில்லை. சமூக அறிவியல் பாடம் எடுத்தே காலம் தள்ளியவளுக்குச் சண்டை போடுவதைவிட வரலாறு சொல்வது சுலபம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம்ம பக்கம் 'பிளாஸ்டிக் சர்ஜரி' என்ற சொல் சினிமா நடிகைகள் வழியாக வரவில்லை. வெடி விபத்து வழியாக வந்தது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் நடந்ததும், 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி நம் அச்சங்குளத்தில் நடந்ததும் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அச்சங்குளத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பிழைத்தவர்களுக்குச் சிவகாசி, சாத்தூர், மதுரை என்று ஆஸ்பத்திரி வாசல்கள்தான் பிறகு. உயிர் தப்பியது என்று நாம் மூச்சு விட்ட பிறகுதான் அவர்களுக்குத் தோலின் கதை ஆரம்பிக்கும். வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். கழுத்து தோளோடு ஒட்டும், விரல்கள் உள்ளங்கையோடு மடங்கும். அதைப் பிரித்துத் தோல் வைத்துத் தைப்பவருக்குத்தான் பிளாஸ்டிக் சர்ஜன் என்று பெயர்.

"உள்ளே பிளாஸ்டிக் வச்சுத் தைப்பாங்களா டீச்சர்?" என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. களிமண்ணைப் போல வனைந்து உருவாக்குவது என்ற பொருளில் கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல் அது. ஜெர்மனியில் 1838-லேயே இந்தப் பெயரில் மருத்துவ நூல் வந்துவிட்டது. நாம் அறிந்த செயற்கை பிளாஸ்டிக் வந்தது 1907-இல்தான். வாளியைவிடச் சிகிச்சைக்கு வயசு அதிகம்.

வனைதல் என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றாம் மைசூர்ப் போர் நடந்தபோது ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் மாட்டிக்கொண்டார். மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பிறகு புனே பக்கம் உள்ளூர் வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலை இறக்கி அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்த வைத்தியர் செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்தவர் என்று குறிப்பு இருக்கிறது. இதை இரண்டு ஆங்கிலேய மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். செய்தி 1794-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் கார்ப்யூ என்ற லண்டன் மருத்துவர் 1814-இல் தானும் செய்து பார்த்தார். சுசுருத சம்ஹிதையில் மூக்குச் சீரமைப்பு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது, அந்தப் பத்திரிகைச் செய்தியில் அறுவைக்குப் பிந்தைய நாட்களையும் எழுதியிருப்பதுதான். தையல் போடவில்லை. வெற்றிலையோடு போடுகிறோமே, அந்தக் காசுக்கட்டியைக் குழைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஐந்தாறு நாள் மல்லாந்து படுக்கை. பத்தாம் நாள் மூக்குத் துளைக்குள் மெல்லிய துணி. நெற்றியோடு இணைந்திருந்த தோல் துண்டை வெட்டி விடுவது ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள்.

இருபத்தைந்து நாள் எதற்கு? எடுத்து வைத்த தோல் உயிரோடு இருக்க ரத்தம் வேண்டும். புது இடத்திலிருந்து ரத்தக் குழாய் வளர்ந்து உள்ளே போக மூன்று வாரம் ஆகும். அதுவரை பழைய இடத்தின் தொப்புள்கொடியை அறுக்கக் கூடாது. இந்த மூன்று வாரக் கணக்கைப் பூனா வைத்தியரும் அறிந்திருந்தார். இத்தாலியில் 1597-இல் நூல் எழுதிய தாலியகோட்சியும் அறிந்திருந்தார். அவர் கைத்தோலை மூக்கில் வைத்துத் தைத்து, கையைத் தலையோடு சேர்த்துக் கட்டி வாரக்கணக்கில் அப்படியே இருக்கச் செய்தவர்.

இனி வயிற்றுக்கு வருகிறேன். மனித உடம்பில் தாராளமாகத் தோல் எடுக்கக்கூடிய இடம் அடிவயிறுதான். எடுத்துவிட்டு இரு ஓரத்தையும் இழுத்துத் தைத்துவிடலாம், துணிக்குள் மறைந்துவிடும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் ஹரால்ட் கில்லீஸ் 1917-இல் ஒரு வழி கண்டார். தோலைக் குழாய் போலச் சுருட்டித் தைத்து, ஒரு முனையை மட்டும் மாற்றி மாற்றி நட்டு, தேவையான இடத்துக்கு நகர்த்திக்கொண்டே போவது. வயிற்றுத் தோலை மணிக்கட்டில் நட்டு, அது பிடித்த பிறகு மணிக்கட்டை முகத்துக்குத் தூக்கி அங்கே நடுவதும் அதில் ஒன்று. மாதக்கணக்காகும். 1972-இல் கிளாஸ்கோவின் மெக்ரிகரும் ஜாக்சனும் தொடை இடுக்குத் தோலில் தனி ரத்தக் குழாய் ஓடுவதைக் காட்டினார்கள். அதன் பிறகு கைக்காயத்துக்கு இந்த வழி உலகம் முழுக்கப் பரவியது. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைச் சிகிச்சைக்கென்றே தனித் துறையை வளர்த்தார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் ராஜ சபாபதி இருக்கிறார். இவர்களைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும்.

கையில் தோல் போய் எலும்பும் நரம்பும் தெரிந்தால் கையை அடிவயிற்றோடு சேர்த்துத் தைத்து மூன்று வாரம் விடுவார்கள். வெடி வெடித்த கைக்கும் இதே வழிதான். பாதி நாளை வீட்டில்தான் கழிக்க வேண்டும். தூக்கத்தில் கையை இழுத்துவிடக் கூடாது. சோறு ஊட்ட ஆள் வேண்டும், சட்டைக்குப் பதில் துண்டு, குளிப்பதற்கும் துணை. அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் நாம் யாரும் சிரிக்க மாட்டோம். முட்டையும் பழமும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

அதே அடிவயிறு, அதே தோல், அதே படிப்புப் படித்த மருத்துவர். தோல் போய்ச் சேரும் இடம்தான் வேறு. மார்பகப் புற்றுநோயில் மார்பை இழந்தவர்களுக்கு இந்த வயிற்றுத் தோலையும் கொழுப்பையும் கொண்டே புது மார்பு அமைக்கும் முறை 1982-இல் வெளியானது. வயிற்றை இறுக்கும் அறுவையில் அது குப்பைக்குப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த வயிற்று அறுவையை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஹோவர்ட் கெல்லி. ஆண்டு 1899. அவர் அழகு வைத்தியர் அல்ல, பெண்கள் நோய் மருத்துவர். எடை தாங்க முடியாத தொங்கல் வயிறோடு வந்த பெண்களுக்காகச் செய்தார். இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரேசில் நாட்டு ஈவோ பிட்டாங்கி. 300 பேருக்குச் செய்த அனுபவத்தை 1967-இல் வெளியிட்டார். உலகத்துப் பணக்காரர்கள் வரிசையில் நின்ற அழகு மருத்துவர் என்றுதான் அவரைப் பற்றிப் படிப்பீர்கள். ஆனால் 1961 டிசம்பர் 17-ஆம் தேதி ரியோவுக்கு எதிர்க்கரையில் நித்தெரோய் என்ற ஊரில் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் குழந்தைகள். (நம் கும்பகோணம் 2004 நினைவுக்கு வராமல் எந்த ஆசிரியராலும் இதைப் படிக்க முடியாது.) வெந்து பிழைத்தவர்களுக்குத் தோல் வைத்துத் தைத்தவர்களில் பிட்டாங்கி ஒருவர். ரியோவின் சாந்தா காசா தர்ம மருத்துவமனையில் ஏழைகளுக்கும் அறுவை செய்துவந்தார். 2016-இல் ரியோ ஒலிம்பிக் தீபத்தை ஏந்திய மறுநாள் காலமானார். தீயில் ஆரம்பித்த மனிதர் தீபத்தோடு போனார் என்று எங்கள் வீட்டில் சொன்னேன். "உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு பாடம்" என்றார்கள்.

அறுவையில் என்ன செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை கீறி, தோலையும் கொழுப்பையும் விலா வரை தூக்குவார்கள். பிள்ளை சுமந்ததில் நடுவில் விலகிப்போன இரண்டு வயிற்றுத் தசைகளையும் பக்கத்தில் இழுத்து உள்தையல் போடுவார்கள். இந்தத் தசை விலகல் நாலு குடம் தண்ணீரில் சேராது. பிள்ளை பெற்றவளுக்கு நம் வீடுகளில் பழைய வேட்டியைக் கிழித்து வயிறு கட்டுவோமே, அது இடுப்புக்கு இதமாக இருக்கும். ஆனால் வெகுதூரம் விலகிவிட்ட தசையை அது ஒட்ட வைக்காது. பிறகு மிச்சத் தோலை வெட்டிவிட்டு, தொப்புளுக்குப் புதுத் துளை போட்டு, கீழே இழுத்துத் தைப்பார்கள். சேரும் நீர் வடிய ஒன்றோ இரண்டோ குழாய். பெரிய அறுவை இது. எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடமா என்று பார்க்காமல் விளம்பரம் பார்த்துப் போகிறவர்களை நானும் திட்டத்தான் செய்வேன்.

அந்த 1899-ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. அக்காலத்தில் வயிற்றைத் திறந்தால் இரண்டு மூன்று வாரம் அசையாமல் படுக்கை என்பது எழுதாத சட்டம். சிகாகோவில் எமில் ரீஸ் என்ற பெண்கள் நோய் மருத்துவர், நோயாளிகளை ஓரிரு நாளிலேயே எழுந்து நடக்க விட்டு, நன்றாகத் தேறுகிறார்கள் என்று எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாற்பது வருடம் கழித்து டெட்ராய்ட்டில் லைத்தவுசர் அதையே சொன்னார். இரண்டாம் உலகப்போரில் கட்டிலுக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு வந்தபோதுதான் உலகம் கேட்டது. அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் உறையும், அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் என்று ஜெர்மனியின் விர்ஷோ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே விளக்கியிருந்தார். விளக்கம் கிடைத்துப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்கினார்கள்.

நம் வீடுகளில் இன்னும் சரியாக இறங்கவில்லை. "பச்சை உடம்பு, அசையாதே" என்பதுதான் அத்தைமார், மதினிமார் எல்லாருடைய வாக்கும். பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் பொதுவாகச் செய்யும் அழகு அறுவைகளில் இந்த ரத்தக் கட்டி ஆபத்து அதிகம் உள்ளது வயிற்று அறுவையில்தான். அதனால்தான் அன்றோ மறுநாளோ எழுப்பி நடக்க விடுகிறார்கள். நடை எப்படி? முதல் ஒரு வாரம் பத்து நாள் இடுப்பை வளைத்துக் குனிந்துதான் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் இழுக்கும். அதைப் பார்த்துவிட்டு "ஏண்டி கூனிக்கிட்டுப் போற, நிமிர்ந்து நட" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல் வரும். காரணம் தெரிந்தால் அந்தக் குரல் வராது.

படுக்கையிலும் அப்படித்தான். தலைப்பக்கம் உயரம், முழங்காலுக்கு அடியில் தலையணை. தரையில் பாய் போட்டுப் படுத்தால் எழும்போது முழுப் பாரமும் வயிற்றில் இறங்கும், கட்டில் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறை சில வாரம் ஆகாது. நம் ஊர்களில் எத்தனை வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறை இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருமல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு இரும வேண்டும். ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ, இடுப்பில் ஏறும் இரண்டு வயதுப் பிள்ளை 10, 12 கிலோ. இறுக்கமான இடுப்புப் பட்டையை மருத்துவர் சொல்லும் காலம் வரை, பெரும்பாலும் ஆறு வாரம், போட்டிருக்க வேண்டும். வடிகுழாயில் வருவதை அளந்து எழுத வேண்டும். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே பெரும்பாலும் எடுப்பார்கள்.

சாப்பாட்டில் நம் பத்தியம் ஒரு பெரிய தடை. முட்டை, மீன், பருப்பு எல்லாம் "சீழ் வைக்கும்" என்று ஒதுக்கிவிட்டு ரசஞ்சோறு மட்டும் போடுவது. புண் ஆற உடம்பு கேட்பதே அந்தப் புரதத்தைத்தான். தீக்காய வார்டில் முட்டையும் பாலும் கொடுப்பதை அங்கே போய் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். மலச்சிக்கல் வராமல் கீரையும் தண்ணீரும் சேரட்டும், அது பத்தியத்திலும் இருக்கிறது.

தொப்புளுக்குக் கீழே தோல் பல மாதம் மரத்துப்போயிருக்கும். வலிக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைத்தால் சூடு தெரியாது. வெந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இதைக் கட்டாயம் வீட்டில் உள்ளவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவையும் "குடலிறக்கம்" என்று சொல்லி வைத்தவள் எப்படிச் செய்வாள்? சாதாரணக் குடலிறக்கத்துக்கு எட்டு நாளில் எழுந்து வேலை பார்த்த பெரியப்பாவை எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். வடிகுழாயைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு அடுப்படியில் நிற்பாள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் யாரிடம் சொல்வாள்? மூச்சு வாங்கினால் "பயத்துல வருது" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். காய்ச்சல், தையல் ஓரம் சிவந்து சீழ், ஒரு கால் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல் — இவற்றில் எதுவும் விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயமே இல்லை. மூச்சும் நெஞ்சும் என்றால் உடனே 108. நம் சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்த இன்னொரு பெண் நாளைக்குத் தன் கால் வீக்கத்தை மறைப்பாள். எனக்கு வருத்தம் அதில்தான்.

"இருந்தாலும் டீச்சர், கை போனதும் தொப்பையும் ஒண்ணா?" என்று கேட்பீர்கள். ஒன்று இல்லை. ஆனால் எது அவசியம், எது அலங்காரம் என்ற கோடு நாம் நினைக்கும் இடத்தில் இல்லை. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1948-லிருந்து வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். கை சரியானது; வேலைதான் கிடைக்கவில்லை. அமுங்கிய மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயைச் சொல்லிக்கொண்டே இருந்தன. அதனால் மூக்கைச் சீராக்கினார்கள், தலைத் தோலில் ஒரு கீற்றை ரத்தக் குழாயோடு இறக்கிப் புருவம் வைத்தார்கள். தலைமுடி ஆனதால் அந்தப் புருவம் வளர்ந்துகொண்டே போகும், கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டும். புருவத்தால் எந்த வேலையும் ஆவதில்லை. ஆனால் அது இருந்ததால் டீக்கடையில் டம்ளர் கொடுத்தார்கள்.

2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பு இலவசம் என்று செய்தி வந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகை வரை எழுதினார்கள். உயிர்காக்கும் சிகிச்சைக்குப் போக வேண்டிய பணம் என்று எதிர்ப்பும் வந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மார்பு பாரத்தால் தோளும் கழுத்தும் தேய்ந்து, சொல்ல வெட்கப்பட்டே காலம் கழித்த பெண்களை நான் ஆசிரியர் அறையிலேயே பார்த்திருக்கிறேன். தொங்கல் வயிற்று மடிப்பில் வேர்த்துப் புண்ணாகி, வெயில் காலத்தில் நடக்க முடியாதவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் காசு கொழுத்திருக்கவில்லை.

இரண்டாம் உலகப்போரில் விமானத்தில் வெந்த வீரர்களை இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற சிற்றூரில் வைத்து ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ சிகிச்சை செய்தார். கில்லீஸின் உறவினர்தான். கடலில் விழுந்து மீட்கப்பட்டவர்களின் புண் சீக்கிரம் ஆறுவதைக் கவனித்து, உப்புநீர்க் குளியலைக் கொண்டுவந்தவர். அறுவைகளுக்கு நடுவே மாதக்கணக்கில் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியதால், அவர்களை ஆஸ்பத்திரி உடையில் அடைத்து வைக்காமல் சீருடையோடு கடைத்தெருவுக்கு அனுப்பினார். மூக்கிலிருந்து தோல் குழாய் தொங்க நடந்த அந்த இளைஞர்களை ஊர்க்காரர்கள் முறைத்துப் பார்க்காமல், வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1941-இல் அந்த நோயாளிகள் தொடங்கிய சங்கத்தில் போர் முடியும்போது 649 பேர் இருந்தார்கள். சோதனை எலிகளின் சங்கம் என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள், அந்தக் குசும்பு எனக்குப் பிடிக்கும்.

வடு வெளுக்க ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். நம் நிறத் தோலில் சிலருக்குத் தடித்தும் போகும்; அப்படியானால் மருத்துவரிடம் திரும்பக் காட்ட வேண்டும், அதற்கும் வைத்தியம் உண்டு. நான் மருத்துவர் இல்லை, எனவே மாத்திரை பற்றிக் கேட்காதீர்கள். வரலாறு கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது இதை வாசித்தால், சாயங்காலம் அவளோடு தெருமுனை வரை மெதுவாக நடந்து வாருங்கள். பிள்ளையை நீங்கள் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.